நெஞ்சில் சுமக்கும் 17 மணி நேரத்துக்குக் கூலி யார் தருவது?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பஸ்களில் ஏறுகிறவர்களை நம்பித்தான் இந்தப் பகுதி முழுக்க லைன் வீடுகள் முளைத்திருக்கின்றன. ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட், ஐந்தாறு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி.

அப்படி ஒரு வீட்டில்தான் அந்தத் தாயைச் சந்தித்தோம். செய்யாறு பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து வேலைக்கு வந்தவர். வயது 22. உதிரிபாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். எட்டாவது மாதம் முடிவதற்குள் வலி வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் பெண் பிள்ளை பிறந்தது. எடை 1,650 கிராம்.

18 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். அங்கே ஒரு செவிலியர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பிள்ளையை நெஞ்சில் எப்படி வைப்பது, துணியால் எப்படிக் கட்டுவது, மூச்சு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று எல்லாம். "எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வச்சிக்கோம்மா, இதுதான் இந்தப் பிள்ளைக்கு மருந்து" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நாங்கள் போனபோது பிள்ளை பாயில் துணி சுற்றிக் கிடந்தது. தாய் குடத்தோடு தொட்டியடியில் நின்றிருந்தார். ஏன் நெஞ்சில் வைத்துக்கொள்ளவில்லை என்று எங்களோடு வந்த தோழர் கேட்டுவிட்டார். அந்தப் பெண் கோபப்படவில்லை. "நாள் முழுக்க நெஞ்சுல கட்டிக்கினு உட்காந்துட்டா, யாருக்கா சோறு ஆக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

எடை குறைந்த பிள்ளைக்கு நெஞ்சுதான் மருந்தா?

ஆம். அதில் சந்தேகமே வேண்டாம். 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளையை எடை குறைந்த பிள்ளை என்கிறது மருத்துவம். இந்தப் பிள்ளைகளின் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. உடல் சூட்டைத் தக்கவைக்கத் தெரியாது. வெயில் கொளுத்தும் நம் ஊரில் பிள்ளைக்கு எப்படிக் குளிரும் என்று கேட்பார்கள். ஃபேன் காற்றும் ஈரத் துணியும் ராத்திரிக் காற்றும் போதும், உடம்பு சில்லிட்டுப் போகும். சில்லிட்டால் பால் குடிக்கச் சத்து இருக்காது. பால் இறங்காவிட்டால் சர்க்கரை குறையும், நோய் தொற்றும். ஒன்று பின்னால் ஒன்றாக வரும்.

இதைத் தடுக்கும் வழி எளிது. துணியில்லாத பிள்ளையை, தொப்பியும் காலுறையும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, தாயின் இரண்டு மார்புகளுக்கும் நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும். கை கால் தவளைபோல மடங்கியிருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் மூச்சுக்குழாய் அடைபடாது. மேலே ஒரு துணியால் இருவரையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தாயின் உடல் சூடு பிள்ளையைக் காக்கும். பால் அருகிலேயே இருக்கும். தாயின் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் பிள்ளையின் மூச்சை ஒழுங்குபடுத்தும். கங்காரு தாய் பராமரிப்பு என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

இந்த முறை பிறந்த கதையும் நமக்குத் தெரிய வேண்டும். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், ஏழைத் தாய்மார்கள் வரும் அரசு மகப்பேறு மருத்துவமனையில், இன்குபேட்டர் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள். தொற்று பரவிப் பிள்ளைகள் இறந்தன. எட்கர் ரே சனாப்ரியா, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சிலேயே கட்டிவைத்தார்கள். பற்றாக்குறையில் பிறந்த வழி அது.

ஆனால் இன்று அது ஏழை நாடுகளுக்கான மாற்று ஏற்பாடு அல்ல. எந்தக் குறையும் இல்லாத ஸ்வீடன் மருத்துவமனைகளும் இதைத்தான் செய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு பெரிய ஆய்வை நடத்தி 2021இல் முடிவை வெளியிட்டது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒன்று. 1,000 கிராமிலிருந்து 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 பிள்ளைகள். ஒரு பகுதிப் பிள்ளைகளை, உடல்நிலை தேறும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே நெஞ்சில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கப்படி, தேறிய பிறகு. வழக்கமான முறையில் 28 நாளுக்குள் இறந்தவை 100க்கு 15.7. உடனே நெஞ்சில் வைத்த பிள்ளைகளில் 12.0. நன்மை இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையும் மாற்றியது: பிறந்ததிலிருந்தே தொடங்குங்கள், நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை வைத்திருங்கள்.

சேரப்பணஞ்சேரி பாப்பாவின் 1,650 கிராம் இந்த ஆய்வின் எடைக்குள்ளேயே வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

"செலவே இல்லாத சிகிச்சை"

இந்த முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: இதற்குச் செலவே இல்லை. இந்த இடத்தில்தான் நாம் முரண்படுகிறோம்.

அந்த ஐந்து நாட்டு ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில், பிள்ளைகள் சராசரியாக எவ்வளவு நேரம் நெஞ்சில் இருந்தன தெரியுமா? நாளுக்கு 16.9 மணி நேரம். தாயும், அவருக்குத் துணையாக இருந்த இன்னொருவரும் மாற்றி மாற்றிச் சுமந்தது. நம் பகுதிக் கணக்கில் சொன்னால் இரண்டு ஷிப்ட், அதற்கு மேல் ஒரு மணி நேரம் ஓ.டி. கம்பெனியில் இதைச் செய்தால் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். வீட்டில் செய்தால் அதன் பெயர் தாய்ப்பாசம்.

பாசம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பாசத்தைக் காட்டிக் கூலியை மறைக்காதீர்கள் என்கிறோம். இன்குபேட்டருக்கு அரசு பணம் கட்டுகிறது, கரண்ட் கட்டுகிறது, பழுது பார்க்க ஆள் வைக்கிறது. தாயின் நெஞ்சு அதே வேலையைச் செய்யும்போது மட்டும் அது இலவசமாகிவிடுகிறது. செலவு எங்கும் போய்விடவில்லை. மருத்துவமனைக் கணக்கிலிருந்து ஒரு கூலிக்காரப் பெண்ணின் கணக்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஆய்வு வெற்றி பெற்றதற்கும் காரணம் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே பிள்ளைக்குப் பக்கத்தில் தாய்க்குக் கட்டில் போட்டார்கள். தாய்க்கான பிரசவ சிகிச்சையையும் அங்கேயே கொடுத்தார்கள். துணைக்கு ஓர் ஆளை அனுமதித்தார்கள். நம் மருத்துவமனைகள் பலவற்றில் பிள்ளை ஓர் அறையில், தாய் இன்னொரு வார்டில். பால் கொடுக்கக் கூப்பிடும்போது தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போக வேண்டும். கூட வந்த மாமியார் வராந்தாவில் படுத்திருப்பார். இப்படி வைத்துக்கொண்டு தாய்க்கு வகுப்பு எடுத்தால் 17 மணி நேரம் வந்துவிடுமா?

யாருடைய பிள்ளைகள் எடை குறைந்து பிறக்கின்றன?

பிள்ளை எடை குறைவதற்கு இரண்டு வழி. ஒன்று நாள் நிறையாமல் பிறப்பது. இன்னொன்று வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குன்றுவது. இரண்டின் வேரிலும் தாயின் இரத்தசோகை, சாப்பாட்டுக் குறைவு, சிறு வயதுப் பிரசவம், ஓய்வில்லாத உழைப்பு எல்லாம் இருக்கின்றன. தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது. நாட்டில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் 18 சதவீதம் எடை குறைந்தவை.

தமிழ்நாடு சிசு மரணத்தைக் குறைத்த மாநிலம். 2020 கணக்கில் நாட்டின் சராசரி 1,000க்கு 28, தமிழ்நாட்டில் 13. இது அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உழைத்தவர்களின் சாதனை, மறுக்க மாட்டோம். ஆனால் சராசரி எப்போதும் நமக்கு முழு உண்மையைச் சொல்வதில்லை. மேலே சொன்ன அதே குடும்ப நல ஆய்வில், நாடு முழுவதும் ஒரு வயதுக்குள் இறக்கும் பிள்ளைகள் பட்டியல் சாதியினரிடையே 1,000க்கு சுமார் 41. பட்டியலிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் சேராதவர்களிடையே 28. ஒரே நாடு, ஒரே தடுப்பூசி, ஒரே அரசு. இடையில் நிற்கிற 13 பிள்ளைகள் யாருடைய கணக்கு?

சேரப்பணஞ்சேரி இருக்கும் இந்த மண் ஒரு காலத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் இங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் பட்டினியையும் நிலமின்மையையும் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் யார் கைக்குப் போயின என்பது நீங்கள் அறிந்த கதை. நிலம் போனவர்களின் பேத்திகள் இன்று கான்ட்ராக்டரின் வேனில் வேலைக்குப் போகிறார்கள். இரத்தசோகை இரும்புச்சத்து மாத்திரையில் மட்டும் தீருகிற நோய் அல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும். பெண்ணின் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளியும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அது சட்டமானது. பிறகு வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல், சுரங்கத்தில் வேலை செய்த பெண்களுக்கான மகப்பேறு உதவிச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஓய்வு என்பது சலுகை அல்ல, கூலியோடு கூடிய உரிமை என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே 26 வாரத்தை வைத்திருக்கிறது. குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் குறைவு வந்தால் மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட தொழிலாளி எத்தனை பேர்? இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. மூலம் முழுக் கூலி. கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால் கிடையாது என்பது பொய். கான்ட்ராக்டர் கட்டாவிட்டாலும் இ.எஸ்.ஐ. சந்தாவுக்கு முதலில் பொறுப்பு மூலக் கம்பெனிதான். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உதவி உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

நாங்கள் சந்தித்த பெண்ணுக்கு என்ன நடந்தது? ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். சம்பளத்தில் பிடித்தம் நடந்தது. அட்டை கைக்கு வரவில்லை. பிரசவம் ஆனதைச் சொல்லப் போன கணவரிடம், "உங்க வீட்டுக்காரம்மா பேரே லிஸ்ட்ல இல்லையே" என்றிருக்கிறார் கான்ட்ராக்டரின் ஆள். விடுப்பும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு சொல்லில் முடிந்துபோனது.

இது ஒரு கான்ட்ராக்டரின் குணம் மட்டும் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் துறை தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. திருமணமான பெண்ணை வேண்டாம் என்று ஒரு முதலாளி நினைத்தால், அவர் பயப்படுவது தாலியைப் பார்த்து அல்ல. அந்த 26 வாரத்தைப் பார்த்துத்தான். பெண்ணின் விரல் வேண்டும், கண் வேண்டும், கர்ப்பப்பை மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

இந்தப் பக்கம் அரசு தருவது என்ன? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். நல்ல திட்டம், பாதுகாக்க வேண்டிய திட்டம். ஆனால் 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 100 ரூபாய்கூட வராது. மூன்றாவது பிள்ளைக்குக் கிடையாது, 19 வயது நிறையாத தாய்க்குக் கிடையாது. எடை குறைந்த பிள்ளை பிறக்கும் ஆபத்து அதிகமுள்ள சிறு வயதுத் தாயே பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள்.

தொடுதல்

தொட்டால் தீட்டு என்று நம்மைத் தள்ளிவைத்த நாடு இது. பிள்ளைப்பேறும் தீட்டு என்றது. ஊரார் வீட்டுப் பிரசவத்தில் தொப்புள்கொடி அறுக்கவும், இரத்தத் துணி துவைக்கவும் மட்டும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் கை தேவைப்பட்டது. இன்று மருத்துவ அறிவியல், தோலோடு தோல் சேர்ந்தால் உயிர் பிழைக்கும் என்கிறது. இதைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தொடுவதற்கும் நேரம் வேண்டும், இடம் வேண்டும், வயிற்றில் சோறு வேண்டும். நம் பெண்களிடமிருந்து அதையும் பறித்துவிட்டு, பிள்ளையைத் தொடச் சொல்லிக்கொடுப்பது அறிவுரை ஆகலாம். நீதி ஆகாது.

என்ன செய்யலாம்?

ஹரியானாவில் 8,402 பிள்ளைகளை வைத்து நடந்து, 2019இல் வெளியான ஆய்வு ஒன்று நமக்கு வழி காட்டுகிறது. அங்கே வீட்டிலேயே இந்த முறையைத் தொடங்கினார்கள். பணியாளர்கள் வீட்டுக்கே போய், தாயோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் துணை நின்றார்கள். முதல் மாத மரணம் 30 சதவீதம் குறைந்தது. ஆக, லைன் வீட்டிலும் இது நடக்கும். ஆள் துணை வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் பிள்ளைக்குப் பக்கத்தில் தாய்க்குச் சாய்வுக் கட்டில், மூன்று வேளை சாப்பாடு, துணைக்கு ஓர் ஆளுக்கு அனுமதி. எடை குறைந்த பிள்ளை பெற்ற தாய்க்கும், சுமக்கத் துணை நிற்கும் ஒருவருக்கும், பிள்ளை 2,500 கிராம் எட்டும்வரை குறைந்தபட்சக் கூலி. இரண்டு பிள்ளை, 19 வயது நிபந்தனைகளை நீக்குதல். தனியார் துறையில் அப்பாவுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. இன்று அதற்குச் சட்டமே இல்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்யும் அரசு, எடை குறைந்த பிள்ளைகளின் கணக்கைச் சாதிவாரியாக, ஒன்றியவாரியாக வெளியிட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு நாளைக்கே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. உங்கள் பகுதியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பெண்களிடம் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. உதவிக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா வேண்டும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் மகப்பேறு விடுப்புக்கு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை போதும். இந்த இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்பதை அவர் மட்டுமல்ல, அவர் கணவரும் அறிந்திருக்க வேண்டும். பிள்ளை எடை குறைந்து பிறந்தால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறாரா என்று விசாரியுங்கள். ஆண் தோழர்களே, உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு நீங்களும் சுமந்து பாருங்கள். பெண் விடுதலையைப் பற்றிப் பேசிவிட்டு அந்த நேரத்தில் ஒதுங்கிப் போகாதீர்கள்.

சேரப்பணஞ்சேரி பாப்பா பிழைத்துவிட்டாள். பக்கத்து அறைப் பெண் தன் அடுப்பிலேயே இவர்களுக்கும் சோறு ஆக்கினார். எதிர் அறைப் பாட்டி தண்ணீர் பிடித்து வைத்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, குளித்துவிட்டுக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து பிள்ளையைச் சுமந்தார். அந்த நேரத்தில்தான் தாய் தூங்கினார். கடைசியாக எடை பார்த்தபோது 2,400 கிராம்.

சந்தோஷப்பட்டோம். கூடவே ஒன்றை எண்ணிப் பார்த்தோம். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது இரண்டு ஏழைப் பெண்களின் கூலியில்லாத உழைப்பு. பக்கத்து அறை பூட்டியிருந்தால்? ஒரு பிள்ளையின் உயிர் பக்கத்து அறையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நம்பி இருக்கக் கூடாது.

"யாருக்கா சோறு ஆக்கறது?" என்ற கேள்விக்கு அக்கம்பக்கம் தன்னால் முடிந்த பதிலைச் சொல்லிவிட்டது. இனி அரசும் கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய்பீம்.